1.4.3 என்றால் எந்த 1.4.3? பைண்டிங்குக்கு எண் இடும் வழிகள்

திருகோணமலை நகரில் அச்சகம் நடத்தும் ஓர் அண்ணன் ஒருநாள் பின்னேரம் தொலைபேசி எடுத்தார். "தம்பி, ரெண்டு கம்பியூட்டரிலயும் உங்கட சாமான் 1.4.3தான் கிடக்கு. ஒண்டில மாத்தின மலரில 'கோணேசர்' எண்டு தேடினா வருகுது. மற்றதில மாத்தினதில ஒண்டும் வருகுதில்லை."

அவரிடம் பழைய கும்பாபிஷேக மலர்களும் பாடசாலை மலர்களும் நிறைய உண்டு. எல்லாம் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டியவை. பாமினியில் 'கோ' எழுத முதலில் கொம்பு, பிறகு ககரம், பிறகு அரவு என்று கண்ணுக்குத் தெரியும் ஒழுங்கில் தட்டுவோம். யூனிக்கோடில் எழுத்து முன்னால், உயிர்க்குறி பின்னால். அந்த உயிர்க்குறியை ஒரே குறியாகவும் வைக்கலாம், கொம்பும் அரவுமாக இரண்டு குறியாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். யூனிக்கோட் விதிப்படியும் இரண்டும் சமம். ஆனால் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுத் தேடும் மென்பொருளுக்கு அவை வேறு வேறு சொற்கள்.

பாமினியை யூனிக்கோடாக்கும் மாற்றத்தைச் செய்வது சி மொழியில் எழுதிய ஒரு சிறிய லைப்ரரி, அதாவது வேறு நிரல்கள் அழைத்துப் பாவிக்கும் நிரல் தொகுப்பு. அதை எழுதியவர்கள் நாங்கள் அல்ல. அதைப் பைதன் மொழியிலிருந்து அழைப்பதற்கான இணைப்பு நிரல், அதாவது பைண்டிங்தான் எங்களுடையது. உவர்மலையிலிருந்து நான், கிண்ணியாவிலிருந்து ஒரு தம்பி, கோணேசபுரி வளாகத்தில் படிக்கும் ஒரு தங்கச்சி, மூன்று பேரும் சேர்ந்து பார்க்கிறோம். பிறகு ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட்டுக்கான பைண்டிங்கும் சேர்ந்தது.

அண்ணனிடம் இருந்த இரண்டு 1.4.3உம் வேறு வேறு. ஒன்று மூல லைப்ரரிக்காரர் வெளியிட்ட கட்டளைக் கருவி. மற்றது பைண்டிங்கை நிறுவுவதற்காக நாங்கள் கட்டி வெளியிடும் பொதி. தொடக்கத்திலிருந்தே மூல லைப்ரரியின் பதிப்பு எண்ணையே எங்கள் பொதிக்கும் வைத்துவந்தோம். 1.4.2இல் எங்கள் பக்கத்தில் ஒரு நினைவகப் பிழை அகப்பட்டது. சி லைப்ரரியில் ஒரு வரியும் மாறவில்லை, பிழை முழுக்க எங்களுடையது. திருத்தி வெளியிட ஓர் எண் தேவைப்பட்டது, 1.4.3 எடுத்தோம். இரண்டு கிழமை கழித்து அவர்கள் தங்கள் 1.4.3ஐ வெளியிட்டார்கள். அதில்தான் உயிர்க்குறியை ஒற்றைக் குறியாக்கும் மாற்றம் இருந்தது. எங்கள் 1.4.3க்குள் ஓடியது பழைய 1.4.2.

"ரெண்டும் 1.4.3 எண்டால் உள்ள இருக்கிறதும் ஒண்டுதான் அண்ணன்" என்று அவரிடம் உறுதியாகச் சொன்னேன். இரண்டு இரவு அவருடைய தேடல் மென்பொருளைக் கிண்டிக்கொண்டிருந்தேன். அந்த இரண்டு இரவுக்குப் பிறகுதான், பைண்டிங்குக்கு எப்படி எண் இடுவது என்று மூவரும் ஒழுங்காக உட்கார்ந்து கதைத்தோம். அன்று எடைபோட்ட வழிகள் இவை. இதே இடத்தில் நிற்கும் வேறு யாருக்கும் உதவும் என்று எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பைண்டிங்கின் எண்ணைப் பார்த்துக் கேள்வி கேட்பவர்கள் ஒரே ஆட்கள் அல்ல. நிரல் எழுதுபவர், "நான் அழைக்கும் செயற்கூறுகள் இதே பெயரில், இதே மாதிரி இருக்குமா?" என்று கேட்கிறார். அச்சக அண்ணன் போன்றவர், "உள்ளே எந்த இயந்திரம் ஓடுகிறது?" என்று கேட்கிறார். பைதன் பொதிகளை நிறுவும் பிப், நோட் பொதிகளை நிறுவும் என்பிஎம் போன்ற கருவிகளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: இரண்டு எண்களில் எது பெரியது? ஓர் எண்ணை வைத்து மூன்று பேரையும் நிறைவாக்க முடியாது. யாருக்கு எண்ணால் பதில், யாருக்கு வேறு வழியில் பதில் என்று முடிவெடுப்பதுதான் உண்மையான வேலை.

மூலத்தின் எண்ணையே வைப்பது

எல்லாருக்கும் முதலில் தோன்றும் வழி இது. எங்களுக்கும் அப்படித்தான் தோன்றியது. திரைச் சாளரங்களை வரையும் கியூடி லைப்ரரியின் 6.5க்கு, அதன் பைதன் பைண்டிங்கான பைசைட்6உம் 6.5 என்றால் விளக்கமே தேவையில்லை. ஆனால் பைசைடையும் கியூடியையும் வெளியிடுவது ஒரே நிறுவனம். நாட்காட்டி ஒன்று, ஆட்களும் பக்கத்து மேசையில். அந்த வசதி இருந்தும் பைதன் பக்கத்துக்கு மட்டும் ஒரு திருத்தம் தேவைப்பட்டபோது அவர்கள் நான்காவது இலக்கம் சேர்த்து 6.4.0.1 என்று வெளியிட வேண்டிவந்தது. வேறு நாட்டில் வேறு ஆட்கள் எழுதும் லைப்ரரிக்கு நாங்கள் இங்கிருந்து அதே எண்ணைக் காவுவது கடன் வாங்கிய சட்டையைப் போட்டுக்கொண்டு திரிவதுதான்.

மூலத்தின் எண், பொதிகளை எல்லாரும் இறக்கிக்கொள்ளும் களஞ்சியத்தின் இலக்கணத்துக்குள் அடங்காமலும் போகலாம். இணையத் தொடர்புகளை மறைகுறியாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் லைப்ரரி 1.1.1 வரை திருத்தங்களுக்கு எழுத்துதான் போட்டது. 2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டையை அடைத்தது 1.0.1ஜி. ஆங்கிலத்தின் முதலெழுத்து 'ஏ' அங்கே முதலாவது திருத்தம், அதாவது 1.0.1க்குப் பின்னால் வந்தது. பைதனின் எண் விதியான பெப் 440இல் அதே 'ஏ' போட்டால் அது ஆல்பா, அதாவது முன்னோட்டப் பதிப்பு; 1.0.1க்கு முன்னால் நிற்கும். இரண்டு விதியும் தத்தம் இடத்தில் சரி. ஒன்றை மற்றதற்குள் கொண்டுபோய் வைப்பதுதான் பிழை.

மூலத்தின் முதல் இலக்கம் சொல்லும் சேதி நம் பயனருக்குப் பொருந்தாமலும் இருக்கலாம். தமிழ் எழுத்துகளைத் திரையில் சரியாக அடுக்கித் தரும் ஹார்ஃப்பஸ் லைப்ரரியின் முதல் இலக்கம் பல தடவை ஏறியிருக்கிறது. ஆனால் பழைய நிரல்கள் உடையாமல் பார்த்துக்கொள்வதில் அவர்கள் கண்டிப்பானவர்கள். லினக்ஸில் அதன் பகிர்வுக் கோப்பின் பெயரில் உள்ள இருமப் பொருத்த எண் இன்னும் 0தான். அந்த முதல் இலக்கத்தைப் பின்பற்றி ஒரு பைண்டிங் 2, 3 என்று ஏறினால், ஒன்றுமே உடையாத இடத்தில் பயனர்கள் பயந்து நிற்பார்கள். மறுபக்கம் எங்கள் அனுபவம்: கடைசி இலக்கம் மட்டும் ஏறிய ஒரு வெளியீட்டில் உயிர்க்குறியின் வடிவமே மாறி, ஒரு கணினியில் மாற்றிய மலர் தேடலில் வந்தது, மற்றதில் மாற்றியது வரவில்லை. மூலத்துக்காரர் அதைத் திருத்தம் என்றது நியாயம்தான். எங்கள் பயனருக்கு அது நடத்தை மாற்றம்.

கோ (Go) என்ற நிரல் மொழியில் இன்னும் கடினம். அங்கே இரண்டாம் பெரும் பதிப்பிலிருந்து அந்த இலக்கம் இறக்குமதிப் பாதையிலேயே ஏறிவிடும். யூனிக்கோட் வேலைகளுக்கான ஐசியூ போல முதல் இலக்கம் எழுபதைத் தாண்டிய லைப்ரரியின் எண்ணை அங்கே அப்படியே எடுத்தால், ஒவ்வொரு தடவையும் பயனர் தன் நிரலில் உள்ள பாதைகளை எல்லாம் மாற்ற வேண்டும்.

மூலத்தின் எண்ணுக்கு வால் வைப்பது

மூலத்தின் எண்ணை அப்படியே வைத்து, பின்னால் நம்முடைய இலக்கம் ஒன்றைச் சேர்ப்பது. தம்பிக்கு இதில்தான் மனம் நின்றது. அவர் காட்டிய உதாரணங்களும் நல்லவை. படங்களை அலசும் ஓப்பன்சிவி லைப்ரரியின் பைதன் பொதியில் 4.5.5.62 உண்டு, 4.5.5.64உம் உண்டு. உள்ளே ஓப்பன்சிவி 4.5.5, கடைசி இலக்கம் பொதிக்காரருடையது. எஸ்கியூலைட் என்ற தரவுத்தள லைப்ரரிக்கான ஜாவா இணைப்பும் பைதன் இணைப்பான ஏபிஎஸ்டபிள்யூவும் இப்படித்தான் நான்கு இலக்கம் வைக்கின்றன. டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பின் ஆட்கள் நெடுங்காலமாகச் செய்துவருவதும் இதுவே: மூலத்தின் எண், ஒரு சிறுகோடு, பிறகு பொதியின் திருத்த எண். அச்சக அண்ணனின் கேள்விக்கு இதைவிட நேரான பதில் இல்லை.

நாங்கள் தயங்கியது இரண்டு காரணங்களால். ஒன்று, அந்த வாலின் பொருள் களஞ்சியத்துக்குக் களஞ்சியம் மாறுகிறது. 1.4.2-1 என்று எழுதிப்பாருங்கள். டெபியனில் அது 1.4.2க்குப் பிந்தியது. பைதனில் அது 1.4.2.போஸ்ட்1 என்று மாற்றிப் படிக்கப்படும், அதுவும் பிந்தியதுதான். என்பிஎம் பின்பற்றும் செம்வர் விதியில் சிறுகோட்டுக்குப் பின் வருவது முன்வெளியீடு, ஆகவே 1.4.2-1 என்பது 1.4.2க்கு முந்தியது. திருத்தம் என்று நாம் அனுப்புவதை என்பிஎம் பழசு என்று ஒதுக்கிவிடும். நான்கு இலக்கத்தையோ என்பிஎம் ஏற்றுக்கொள்ளவே மாட்டாது. போஸ்ட் எண்ணைப் பிழைதிருத்தத்துக்குப் பாவிக்க வேண்டாம் என்று பெப் 440உம் கண்டிப்பாகச் சொல்கிறது. வெளியீட்டுக் குறிப்பில் எழுத்துப்பிழை போன்றவற்றுக்குத்தான் அது.

இரண்டாவது காரணம் எனக்கு இன்னும் பெரியது. வாலில் இருப்பது ஓர் இலக்கம் மட்டும். அது 1இலிருந்து 2க்குப் போனால், சின்னத் திருத்தமா, ஒரு செயற்கூற்றின் பெயரையே மாற்றிவிட்டோமா என்று பயனரால் அறிய முடியாது. நம் பக்க மாற்றங்களின் கனத்தைச் சொல்ல அங்கே இடமில்லை.

ஆகவே இந்த வழி பிழை என்று சொல்லமாட்டேன். பைண்டிங் மிக மெல்லியதாக, சி தலைப்புக் கோப்புகளிலிருந்து கருவியால் உருவானதாக, நம்முடைய வடிவமைப்பு எதுவும் இல்லாததாக இருந்தால் இதுவே நல்லது. மூலம் எஸ்கியூலைட் போன்றதாக இருப்பதும் முக்கியம். 2004இலிருந்து முதல் இலக்கம் 3இலேயே நிற்கிறது, 2050 வரை ஆதரவு தருவோம் என்று சொல்லியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட நிலத்தில் வால் மட்டும் ஆடினால் போதும்.

எங்கள் பைண்டிங் அப்படி மெல்லியது அல்ல. சி பக்கத்தில் ஏழெட்டு அழைப்புகளாக இருப்பதைப் பைதனில் ஒரே வரியாக்கியிருக்கிறோம். கோப்புறை முழுவதையும் மாற்றும் வசதி முற்றிலும் எங்களுடையது.

சொந்த எண்

மனையாவெளிப் பக்கம் போனால் கரையில் வள்ளங்கள் நிற்கும். வள்ளத்தின் பக்கவாட்டில் எழுதியிருப்பது வள்ளத்தின் பதிவு எண். எஞ்சினுக்குத் தனி எண், அது எஞ்சினிலேயே பொறித்திருக்கும். எஞ்சின் பழுதாகி வேறு பூட்டினால் வள்ளத்தின் எண்ணை யாரும் அழித்து எழுதுவதில்லை. அதேபோல எஞ்சின் எண்ணைத் துடைத்து எறிவதும் இல்லை, பழுதுபார்ப்பவருக்கு அது வேண்டும்.

சொந்த எண் என்பது இதுதான். செம்வர் விதிப்படி, பைண்டிங்கைப் பாவிப்பவரின் நிரல் உடையும் என்றால் முதல் இலக்கம், புதிதாக ஏதும் சேர்ந்தால் இரண்டாவது, திருத்தம் மட்டும் என்றால் மூன்றாவது. உள்ளே எஞ்சின் மாறியதும் இதே தராசில்தான் நிறுக்கப்படும். மூலத்துக்காரர் தங்கள் பக்கத்தில் எந்த இலக்கத்தை ஏற்றினார்கள் என்பது எங்களைக் கட்டாது. உயிர்க்குறி மாற்றத்தை இந்தத் தராசில் வைத்திருந்தால் முதல் இலக்கம் ஏறியிருக்கும், வெளியீட்டுக் குறிப்பின் முதல் வரியும் அதைப் பற்றியதாக இருந்திருக்கும்.

இதன் குறை வெளிப்படை: எண்ணைப் பார்த்தால் உள்ளே என்ன என்று தெரியாது. இதற்கு மற்றவர்கள் கண்ட வழிகள் உண்டு. ரஸ்ட் மொழியில், கிட் களஞ்சியங்களைக் கையாளும் லிப்கிட்2 லைப்ரரியின் கீழ்நிலைப் பொதி 0.17.0+1.8.1 என்று எழுதுகிறது. முன்னால் பொதியின் எண், கூட்டல் குறிக்குப் பின் லிப்கிட்2இன் எண். மனிதக் கண்ணுக்கு இது வடிவான ஏற்பாடு. ஆனால் செம்வரில் கூட்டலுக்குப் பின் வருவதை எது பெரியது என்ற கணக்கில் எடுப்பதில்லை, ஆகவே முன்னால் உள்ள எண்ணை ஒவ்வொரு தடவையும் ஏற்றத்தான் வேண்டும். பைதன் களஞ்சியமோ கூட்டல் குறி உள்ள எண்ணை ஏற்றவே விடாது. லிப்கிட்2இன் பைதன் பைண்டிங்கான பைஜிட்2 தன் ஆவணத்தில் எந்தப் பதிப்புக்கு எந்த லிப்கிட்2 என்று அட்டவணை போடுகிறது. இரண்டு களஞ்சியத்திலும் ஒரே மாதிரி நடப்பது அட்டவணைதான். அதோடு நிரலிலேயே கேட்டு அறிய ஒரு செயற்கூறும் வேண்டும். அந்தச் செயற்கூறு நாங்கள் கையால் எழுதிவைத்த எண்ணைச் சொல்லக்கூடாது, ஓடிக்கொண்டிருக்கும் சி லைப்ரரியையே கேட்டுச் சொல்ல வேண்டும். லினக்ஸில் வேறு பதிப்பு ஏற்கெனவே நிறுவியிருந்தால் கையால் எழுதியது பொய்யாகிவிடும்.

தேதியை எண்ணாக வைப்பதையும் தங்கச்சி ஒரு பேச்சுக்கு எடுத்தார். சான்றிதழ்ப் பட்டியல், நேர வலயத் தரவு போன்றவற்றுக்கு அது பொருந்தும். நிரல் உடையுமா என்ற கேள்விக்குத் தேதியிடம் பதில் இல்லை. விட்டுவிட்டோம்.

எஞ்சினை உள்ளே பூட்டி அனுப்பினால்

எண்ணைவிடப் பாரமான பொறுப்பு இங்கே இருக்கிறது. சி லைப்ரரியைப் பயனரே நிறுவட்டும் என்று விட்டால், அதில் ஓட்டை வந்தால் அவருடைய இயங்குதளம் திருத்தும். நாங்களோ வீல் எனப்படும், தொகுத்து ஆயத்தமாக்கிய பைதன் பொதிக் கோப்புக்குள் அதையும் கட்டி அனுப்புகிறோம், ஏனென்றால் விண்டோஸ் வைத்திருக்கும் அச்சகத்தில் சி நிரலைத் தொகுத்தெடு என்று யாரிடமும் சொல்ல முடியாது. அப்படிக் கட்டி அனுப்பினால், மூலத்தில் ஒரு பாதுகாப்புத் திருத்தம் வந்த உடனேயே எங்கள் வெளியீடும் வர வேண்டும், எங்கள் நிரலில் ஒரு வரிகூட மாறாவிட்டாலும். 2023 செப்டெம்பரில் வெப்பி வகைப் படங்களைப் படிக்கும் லிப்வெப்பி லைப்ரரியில் பெரிய ஓட்டை வெளிப்பட்டது. 1.3.2 அதை அடைத்தது. அதை உள்ளே வைத்துத் தரும் பைதன் படப் பொதியான பில்லோ, அந்தத் திருத்தத்தோடு 10.0.1ஐ அதே மாதமே வெளியிட்டது. பில்லோவுக்குச் சொந்த எண் இருந்ததால் மூன்றாம் இலக்கத்தை ஏற்றினால் போதுமாக இருந்தது. மூன்றாம் இலக்கத்தை ஏற்கும்படி எழுதிவைத்திருந்தவர்களுக்கு அடுத்த நிறுவலிலேயே திருத்தம் போய்ச் சேரும். வால் முறையில் இந்த இடம் கவனிக்க வேண்டியது. பைதனில் 1.4.2.1க்கு 'பொருந்தும் பதிப்பு' என்று ஒருவர் எழுதினால் 1.4.2.2 வரும், 1.4.3.1 வராது. மூலம் திருத்தத்தை 1.4.3இல் தந்திருந்தால் அவர் பழைய ஓட்டையோடே நிற்பார்.

வெளியிடும் முறையிலும் ஒரு பாடம் பட்டோம். 2022இல் நாளுக்குப் பல மணி நேரம் மின்சாரம் இல்லாத நாட்களில், என் மடிக்கணினியிலிருந்து கைப்பேசி இணையத்தில் வீல் கோப்புகளை ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டிருந்தேன். லினக்ஸுக்கானவை போய்விட்டன. விண்டோஸுக்கானவை போகமுன் மின்சாரம் போனது, சிக்னலும் போனது. களஞ்சியத்தில் அரை வெளியீடு. மூல நிரற் பொதியும் ஏறாததால் விண்டோஸ்காரருக்குப் பிப் பேசாமல் பழைய பதிப்பைக் கொடுத்தது. அதுகூடப் பரவாயில்லை. மின்சாரம் வருவதற்கிடையில் ஒரு சின்னப் பிழையைக் கண்டு திருத்தி, மிச்சக் கோப்புகளை அந்தத் திருத்தத்தோடு அதே எண்ணில் ஏற்றினேன். லினக்ஸில் ஒரு நிரல், விண்டோஸில் வேறு நிரல், இரண்டுக்கும் ஒரே எண். பைதன் களஞ்சியம் ஒருமுறை ஏற்றிய கோப்புப் பெயரை அழித்தாலும் மறுபடி தராது, ஆனால் புதிய பெயருள்ள கோப்பைப் பழைய எண்ணில் சேர்க்க விடும். அந்த இடைவெளிக்குள்தான் விழுந்தேன்.

இப்போது எங்கள் மூவரின் கணினியிலிருந்தும் எதுவும் களஞ்சியத்துக்குப் போவதில்லை. எங்கள் நிரலை வைத்திருக்கும் கிட்ஹப் தளத்தில் எண்ணுக்கு ஒரு குறி இட்டால் அங்குள்ள இயந்திரங்கள் எல்லா இயங்குதளத்துக்கும் ஒரே நிரலிலிருந்து கட்டும். எல்லாம் கட்டி முடிந்து, சோதனையும் தேறினால்தான் ஏற்றும். சோதனைகளில் ஒன்று 'கோணேசர்' என்ற சொல்லின் குறிகளை எண்ணிப் பார்ப்பது.

எங்கள் முடிவு

சொந்த எண்ணுக்கு மாறினோம். பைதன் பொதிக்கும் நோட் பொதிக்கும் தனித்தனி எண்தான், ஒன்றில் மாற்றம் இல்லாதபோது மற்றதற்காக அதை ஏற்றுவதில்லை. எதிலிருந்து தொடங்குவது என்பதுதான் நீண்ட பேச்சானது. எண்ணை இறக்கினால் பிப் பழைய பெரிய எண்ணையே எடுக்கும், ஆகவே 0.1க்குத் திரும்ப வழியில்லை. பெப் 440இல் யுகம் என்று ஒரு முன்னொட்டு வைத்து எண்ணைப் புதிதாகத் தொடங்கலாம், என்பிஎம்மில் அது இல்லை. நான் 2.0.0 என்றேன். "அவங்களும் நாளைக்கு 2.0.0 விட்டா என்ன செய்யிறது நானா?" என்று தம்பி கேட்டார். நான் யோசித்திருக்கவில்லை. தங்கச்சிதான் ஓப்பன்எஸ்எஸ்எல் கதையை எடுத்துவந்தார். 1.1.1க்கு அடுத்து அவர்கள் 2ஐ விட்டு நேரே 3.0க்குப் போனார்கள். காரணம், 2.0 என்ற எண் ஃபிப்ஸ் என்ற அமெரிக்க அரசின் பாதுகாப்புத் தரத்துக்காக அவர்கள் தனியாக வெளியிட்ட கூறுக்கு ஏற்கெனவே போய்விட்டது. இரண்டு பொருளுக்கு ஒரே எண் வேண்டாம் என்று ஓர் இலக்கத்தையே தாண்டியவர்கள் அவர்கள். நாங்களும் தாண்டி 10.0.0இல் தொடங்கினோம், நோட் பொதியையும் அங்கிருந்தே. மூலம் அந்த எண்ணைத் தொட நெடுங்காலம் எடுக்கும்.

பழைய எண்களையெல்லாம் எந்த எஞ்சினோடு போனவை என்று அட்டவணையாக்கி முகப்பில் வைத்தோம். எங்கள் 1.4.3ஐ அழிக்கவில்லை, யாங்க் செய்தோம். இனிப் புதிதாக யாருக்கும் பிப் அதைத் தெரிவுசெய்யாது, அந்த எண்ணையே குறித்து எழுதிவைத்தவர்களுக்கு மட்டும் தொடர்ந்து கிடைக்கும். அச்சக அண்ணனின் இரண்டாவது கணினி இன்னும் அதில்தான் ஓடுகிறது. "திருவிழா மலர் அச்சில கிடக்கு தம்பி, அது முடியிற வரைக்கும் ஒண்டையும் தொடாதேங்கோ" என்றார். அது முடிந்ததும் போய் 10.0.0 போட்டு, இரண்டு குறியாகக் கிடக்கும் பழைய கோப்புகளை ஒற்றைக் குறிக்கு மாற்றிக் கொடுக்க வேண்டும்.